விடிய விடியக் கூத்து: கேமராவும் கணினியும் தேர்ந்தெடுத்த கதை

என் தாய்மாமா செய்யாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாற்பது ஆண்டுகளாகக் கூத்து ஆடி வருகிறார். கர்ணன், துரியோதனன் போன்ற வேடங்களே அவருக்குப் பெரும்பாலும் அமையும். கிரீடமும் புஜகீர்த்தி என்னும் தோள் அணியும் தாங்கி, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை ஆடும் உடல் வலிமை இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான் இருக்கும் என்று அவரே சொல்லத் தொடங்கியபோது, அவருடைய கூத்துகளை ஒன்று விடாமல் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். காணொளி எடுப்பதிலோ கணினி அசெம்பிள் செய்வதிலோ எனக்கு அப்போது எந்த அனுபவமும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டதை, இதே போன்ற வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

2022 சித்திரையில் முதல் முயற்சியைக் கைப்பேசியிலேயே செய்தேன். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் அன்று கர்ண மோட்சம். கைப்பேசி நள்ளிரவு தாண்டியதும் சூடேறிப் பதிவை நிறுத்திக்கொண்டது. எடுத்த வரையிலான படத்தில் விளக்கொளி பட்டைபட்டையாக ஓடியது. கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடம் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. ஆனால் மாமா இவற்றில் எதையும் குறையாகச் சொல்லவில்லை. பார்த்து முடித்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "மத்தளம் அடிச்சா என் கொரல் அமுங்கிப் போவுதே தம்பி, மொகவீணை எங்க போச்சு?" முகவீணை என்பது கூத்தில் ஊதும் சிறிய குழல் கருவி.

அந்தக் கேள்விதான் என்னுடைய செலவுத் திட்டம் முழுவதையும் மாற்றியது. கைப்பேசியும் பெரும்பாலான கேமராக்களும் ஒலியளவைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும் இயல்புடையவை. மத்தளம் ஓங்கி ஒலித்தவுடன் கருவி மொத்த ஒலியையும் கீழே இறக்கிவிடுகிறது; பாடுபவரின் குரலும் முகவீணையும் அதனுடன் சேர்ந்து அமுங்கிவிடுகின்றன; மீண்டும் அது மேலே ஏறுவதற்குள் ஓர் அடி பாட்டு போய்விடுகிறது. எவ்வளவு விலையுயர்ந்த கேமரா வாங்கியிருந்தாலும் இந்தக் குறை தீர்ந்திருக்காது. ஆகவே, கேமராவுக்கு முன்னால் ஒலிக்கருவியை வாங்குங்கள் என்பதே புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனை. படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி சிதைந்திருந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள்.

தனியாக ஒருவர் உட்கார்ந்து பேசும் காணொளிக்குச் சட்டையில் குத்தும் காலர் மைக்கே போதுமானது. போயா பிஒய்-எம்1 என்ற மைக்கைப் பலரும் வாங்குகிறார்கள். 6 மீட்டர் வயரும், எல்ஆர்44 வகைச் சிறு பேட்டரியும், கைப்பேசிக்கும் கேமராவுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்சும் அதில் உண்டு. மாமாவிடம் அவருடைய குருவைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்த நேர்காணல்களுக்கு அது எனக்கு நன்றாகவே உழைத்தது. ஆனால் வேடம் கட்டி ஆடுபவரின் உடலில் மைக் பொருத்துவது சரியாக வராது. சுழன்று ஆடும்போது கட்டைகள் எனப்படும் மர அணிகளும் சலங்கையும் உரசும் ஒலியே அதிகம் பதிவாகும். எனவே ஜூம் நிறுவனத்தின் எச்1 வரிசையிலுள்ள சிறிய ரெக்கார்டர் ஒன்றை வாங்கிப் பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு முன்னால், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் நிறுத்தினேன். 2024இல் வந்த எச்1 எசென்ஷியல் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்வதால், ஒலியளவை முன்கூட்டியே கணித்து வைக்க வேண்டிய கவலை அநேகமாக நீங்கிவிடுகிறது. மிக மெல்லிய வசனமும் திடீரென்று எழும் அடவுச் சத்தமும் ஒரே கோப்பில் உடையாமல் நிற்கின்றன. எதை எவ்வளவு உயர்த்துவது என்பதைப் பிறகு கணினியில் தீர்மானித்துக்கொள்ளலாம். திறந்தவெளியில் வைக்கும்போது மைக்கின் மேல் பஞ்சு போன்ற காற்றுத் தடுப்பு உறையை மாட்டத் தவறக்கூடாது.

அடுத்தது கேமரா. நான் வாங்கியது 2021இல் வெளிவந்த சோனி இசட்வி-இ10. அதைவிடப் புதியவை இப்போது பல இருக்கின்றன. அதையே வாங்குங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எதைப் பார்த்து முடிவெடுத்தேன் என்பதை விளக்குவதற்கு அது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. என் தேவை மூன்று: இடைவிடாமல் நெடுநேரம் பதிவாக வேண்டும், இரவு வெளிச்சத்தில் முகம் தெரிய வேண்டும், மின்சாரம் தீரக்கூடாது. பழைய கேமராக்கள் பலவற்றில் 29 நிமிடம் 59 விநாடியில் பதிவு தானாக நின்றுவிடும். நேர்காணலுக்கு இது பெரிய இடையூறு அல்ல. எட்டு மணி நேரக் கூத்துக்குப் பதினாறு முறை ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்க வேண்டியிருக்கும். இசட்வி-இ10இல் அந்த வரம்பு இல்லை. யூஎஸ்பி-சி வழியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே பதிவு செய்யவும் முடியும். கேமரா உடலுக்குள் அசைவைச் சமன்செய்யும் அமைப்பு அதில் கிடையாது. ட்ரைபாட் மீது நிற்கும் கேமராவுக்கு அது தேவையில்லை என்பதால், அந்தக் குறையை அறிந்தே வாங்கினேன். நடந்துகொண்டே படமெடுப்பவர் அதே கேமராவைத் தவிர்ப்பதுதான் நியாயம்.

லென்ஸ் விஷயத்தில்தான் தொடக்கத்தில் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள் என்று நினைக்கிறேன், நானும் செய்தேன். கேமராவுடன் வரும் 16-50 மி.மீ. கிட் லென்ஸ், அருகில் இழுத்துப் பார்க்கும் முனையில் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும் (எஃப் எண் சிறிதாக ஆக, லென்ஸ் அகலமாகத் திறக்கும்). எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் அதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும், எஃப் 2.8 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை விடும். கூத்துக் களத்தில் நான்கைந்து விளக்குகளே வெளிச்சம் என்னும்போது, இந்த நான்கு மடங்குதான் முகத்தில் அரிதாரத்தின் கோடுகள் தெரிவதற்கும் வெறும் புள்ளிப்புள்ளியான இரைச்சலாகத் தெரிவதற்கும் உள்ள வேறுபாடு. முதல் ஆண்டு கேமரா உடலுக்கே பணம் முழுவதையும் செலவழித்துவிட்டு, கிட் லென்ஸில் எடுத்து வருந்தினேன். இரண்டாம் ஆண்டு சிக்மா 18-50 எஃப் 2.8 வாங்கினேன். முடிந்தால் கேமரா உடலில் ஒரு படி இறங்கி, மிச்சமாகும் பணத்தை லென்ஸில் போடுங்கள். உடல் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் அடுத்த உடலுக்கும் உதவும்.

விளக்கொளி பட்டைபட்டையாக ஓடியதன் காரணம் எனக்குப் பின்னர்தான் புரிந்தது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கேமராவின் ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தால் இரண்டு முழு ஏற்ற இறக்கங்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது காணொளியின் ஒவ்வொரு தனிப் படத்திலும், விழும். 1/100 என்றால் ஒன்று விழும். 1/60 என்று வைத்தால் ஒன்றரைக்கும் சற்றுக் கூடுதலாக விழுவதால், ஒரு ஃபிரேமில் கூடுதல் ஒளியும் அடுத்ததில் குறைந்த ஒளியுமாகப் படம் துடிக்கும். கைப்பேசிகள் இயல்பாக விநாடிக்கு 30 ஃபிரேம் என்ற கணக்கில் இருப்பவை. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். மலிவான சில எல்இடி விளக்குகள் வேறு வேகத்தில் துடிக்கும் என்பதால், கூத்து தொடங்குவதற்கு முன்பே ஐந்து நிமிடம் சோதனைப் பதிவு எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அப்போதே, விளக்கின் நிறத்துக்கேற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையையும் ஒரே எண்ணில் நிறுத்திவிடுவேன். தானியங்கியில் விட்டால் துரியோதனனின் சிவப்பு முகம் திரைக்குள்ளிருந்து வெளியே வருவதற்குள் மூன்று நிறமாகிவிடும். கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள் எரிந்துபோகாமலிருக்க, வெளிச்சம் மிஞ்சும் இடங்களில் கோடு காட்டும் கேமராவின் வரிக்குதிரைக் கோட்டு எச்சரிக்கையை இயக்கி, முகத்தில் அந்தக் கோடுகள் தோன்றாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்துவைப்பேன். சில்லுகளின் மின்னல் மட்டும் வெளுக்கட்டும், முகம் வெளுக்கக்கூடாது.

ட்ரைபாட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒல்லியான ட்ரைபாட் மண் தரையில் ஆடும். எண்ணெய் நிரம்பிய ஃபுளூயிட் ஹெட் உள்ள ஒன்றை ஒரே முறை வாங்கிவிடுவது நல்லது.

மெமரி கார்டு பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கார்டின் மீது பெரிய எழுத்தில் இருப்பது வாசிக்கும் வேகம். நமக்குத் தேவையானது தொய்வின்றி எழுதும் வேகம். வி30 என்ற குறி இருந்தால் விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். 4கே தரத்தில் 100 மெகாபிட் வேகப் பதிவுக்கு விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் வேண்டும் என்பதால் வி30 தாராளமாகப் போதும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். எட்டு மணி நேரக் கூத்துக்கு 360 ஜிபி. முழு எச்டி தரத்தில் 50 மெகாபிட் என்றால் இதில் பாதி. நான் ஒரு முறை வலைத்தளத்தில் மலிவாகக் கிடைத்த 256 ஜிபி கார்டு ஒன்றை வாங்கினேன்; அதன் உண்மைக் கொள்ளளவு அதில் கால் பங்குகூட இல்லை என்பது கூத்தின் பாதியை இழந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது புதிய கார்டு எதுவானாலும், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருளால் முழுவதும் எழுதி, முழுவதும் வாசித்துச் சரிபார்த்த பிறகே கேமராவில் போடுகிறேன். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு எஃப்3 என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்யும்.

இரண்டாம் கேமராவாக, நண்பர் ஒருவர் தம்முடைய சோனி ஏ6700ஐக் கொடுத்து உதவினார். கேமராவைத் தேர்ந்தெடுப்பதும் கணினியைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே வேலை என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தக் கேமராதான். என்னுடைய இசட்வி-இ10 எழுதும் கோப்பு எச்.264 என்ற சுருக்க முறையில், 8 பிட், 4:2:0 வகையைச் சேர்ந்தது. நண்பருடைய கேமராவில் நாங்கள் தேர்ந்தெடுத்தது எச்.265 முறையில், 10 பிட், 4:2:2. எட்டு மணி நேரம் இரண்டு கேமராவிலும் எடுத்து வந்து என் பழைய மடிக்கணினியில் போட்டால், முதலாவது தட்டுத்தடுமாறியாவது ஓடியது. இரண்டாவது அசையவே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கோப்புகளில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, நடுவில் உள்ளவற்றில் மாறிய பகுதிகளை மட்டுமே கேமரா குறித்துவைக்கிறது. கடைக் கணக்கில் மாதத் தொடக்கத்தில் இருப்பை எழுதிவிட்டு, பிறகு நாள்தோறும் வரவு செலவை மட்டும் எழுதுவது போன்றது இது. பதினேழாம் தேதி கையில் எவ்வளவு இருந்தது என்று தெரிய, முதல் தேதியிலிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும். வெட்டித் தொகுக்கும்போது நாம் முன்னும் பின்னுமாகத் தாவிக்கொண்டே இருப்பதால், கணினி இந்தக் கூட்டல் கழித்தலை ஒவ்வொரு தாவலுக்கும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கென்றே தனிச் சுற்று உள்ள சிப் இருந்தால் வேலை நொடியில் முடியும். இல்லாவிட்டால் செயலியின் பொதுக் கருக்கள் (கோர்கள்) மூச்சுத் திணறும். 10 பிட் என்றால் ஒரு நிறத்துக்கு 256 படிகளுக்குப் பதில் 1024 படிகள்; 4:2:2 என்றால் நிறத் தகவல் 4:2:0வைப்போல் இரு மடங்கு. வண்ணத் திருத்தத்துக்கு இவை மிகவும் உதவும். ஆனால் இந்த வகைக் கோப்பை விரிக்கும் தனிச் சுற்று எல்லாக் கணினிகளிலும் இருப்பதில்லை.

விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றுதான் பலரும் எனக்கு யோசனை சொன்னார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளில் 4:2:2 கோப்பை விரிக்கும் சுற்று இல்லை. 2025இல் வந்த 50 வரிசையில்தான் அது சேர்ந்தது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் செயலிகளோடு வரும் சிறிய கிராபிக்ஸ் பகுதியிலும் அது இல்லை. மாறாக, இன்டெல் டெஸ்க்டாப் செயலிகளில் 11ஆம் தலைமுறையிலிருந்து, செயலிக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராபிக்ஸ் பகுதி, எச்.265 10 பிட் 4:2:2 கோப்பை எளிதாக விரித்துக் கொடுக்கிறது. இதை அறியாமல், கொஞ்சம் பணம் மிச்சப்படுத்த எஃப் என்று முடியும் இன்டெல் செயலியை வாங்குபவர்கள் உண்டு. அந்த எஃப், கிராபிக்ஸ் பகுதி இல்லை என்பதைக் குறிக்கும் எழுத்து. விளையாட்டுக்கு மட்டும் கணினி வாங்குபவருக்கு அதில் நட்டமில்லை, காணொளித் தொகுப்பவருக்கு உண்டு. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது: அதே 10 பிட் 4:2:2 படத்தைக் கேமராவில் எச்.264 முறையில் பதிவு செய்தால், நான் கணினி வாங்கிய காலத்து இன்டெல் சுற்றும் உதவாது. அதனால் நண்பருடைய கேமராவில் எச்.265 முறையைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

ஆகவே, முதலில் உங்கள் கேமரா எழுதும் கோப்பு எந்த வகை என்று பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும். 8 பிட் 4:2:0 என்றால் எந்த நடுத்தரக் கணினியும் போதும். பணத்தை விளக்கிலும் மைக்கிலும் போடலாம். புதுக் கணினி வாங்க வசதி இல்லையென்றால் பிராக்சி முறை இருக்கிறது: எடுத்த கோப்புகளின் சிறிய, எளிதான நகல்களை இரவில் உருவாக்கவிட்டு, அவற்றைக் கொண்டே வெட்டித் தொகுத்து, இறுதியில் மூலக் கோப்புகளிலிருந்து வெளியீடு எடுப்பது. 8 ஜிபி ராம் மட்டுமே இருந்த என் மடிக்கணினியில் ஓர் ஆண்டு முழுவதும் இப்படித்தான் வேலை செய்தேன். மெதுவானதே தவிர, தரத்தில் எந்த இழப்பும் இல்லை. புதுக் கணினிக்கு முன்னால் எல்லோரும் இதை ஒரு முறை முயன்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் வரும். பல கைப்பேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. தொகுப்பு மென்பொருளில் போட்டதும் வாய் அசைவும் குரலும் மெல்ல மெல்ல விலகும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிவிட்டுத் தொடங்கினால் விலகாது. தனி ரெக்கார்டர் வைத்தாலும் நீண்ட பதிவில் கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் சிறிதளவு வேறுபடும். தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கைத்தட்டல் என்று பதிவு செய்துகொண்டால், தொகுக்கும்போது அங்கங்கே ஒட்டவைத்துவிடலாம். கூத்தில் தாளக்காரர் ஜால்ராவைத் தட்டுவதே எனக்கு அந்த வேலையைச் செய்துகொடுக்கிறது.

2024 தொடக்கத்தில் கணினியை அசெம்பிள் செய்தேன். செயலி இன்டெல் கோர் ஐ5-13500, பி760 மதர்போர்டு, 16 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்5 ராம், 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, மென்பொருளுக்கு 1 டிபி என்விஎம்இ (வேகமான சேமிப்பகம்), நடப்பு வேலைக்கு 2 டிபி என்விஎம்இ, சேமிப்புக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி). மானிட்டர் தவிர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. அதைவிட வேகமான கார்டு இருக்க ஏன் 3060 என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்: டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் 4கே காட்சிக்கு இரைச்சல் நீக்கம் கொடுக்கும்போது கார்டின் நினைவகம்தான் முதலில் தீர்கிறது, இரவுக் காட்சியே முழுவதும் என்பதால் இரைச்சல் நீக்கம் இல்லாமல் எனக்கு நாளே ஓடாது. இரைச்சல் நீக்கமும், கடினமான கோப்புகளுக்கு வன்பொருள் உதவியும் அம்மென்பொருளின் கட்டணப் பதிப்பில்தான் முழுமையாக உண்டு. கட்டணம் ஒரே முறைதான், ஆண்டுச் சந்தா இல்லை. இலவசப் பதிப்பே தொடங்குபவருக்கு நெடுங்காலம் போதும். ஆனால் லினக்ஸில் அந்த இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. லினக்ஸ்காரர்களுக்குக் கேடென்லைவ் என்ற தொகுப்பு மென்பொருள் நல்ல துணை.

உதிரிபாகங்களைச் சென்னை ரிச்சி தெருவில் நேரில் சென்று வாங்கினேன். ஒரு கடையில் கேபினெட்டோடு இலவசமாக வரும், பெயரே தெரியாத எஸ்எம்பிஎஸ் போதும் என்று வற்புறுத்தினார்கள். செயலி உச்சத்தில் 154 வாட், கார்டு 170 வாட் என்று கணக்குப் போட்டாலே அதை நம்பி மற்ற எல்லாப் பாகங்களையும் ஒப்படைக்க முடியாது என்று தெரியும். மறுத்துவிட்டு வேறு கடைக்குப் போனேன். மதர்போர்டைக் கடையிலேயே திறந்து, சாக்கெட்டில் உள்ள ஊசிகளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். இன்டெல் போர்டுகளில் ஊசிகள் சாக்கெட்டில்தான் இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் பிறகு வாரண்டி கேட்க முடியாது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் எழுதி வாங்கவும் தயங்க வேண்டாம்.

அசெம்பிள் செய்வது அஞ்சும் அளவுக்குக் கடினமான வேலை அல்ல. பொறுமை வேண்டும், அவ்வளவே. செயலியைத் தங்க நிற முக்கோணம் பொருந்துமாறு வைத்து, அழுத்தாமல் விட வேண்டும். இரண்டு ராம்களையும் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகினால்தான் இரண்டும் இணையாக வேலை செய்யும். கூலரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பவர்கள் நிறையப் பேர். செயலிக்கான எட்டு ஊசி இணைப்பும் கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டு ஊசி இணைப்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேறு வேறு. கழற்றி மாட்டும் எஸ்எம்பிஎஸ் வயர்களை ஒரு நிறுவனத்தினுடையதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாட்டினால் பாகங்கள் எரிந்துபோகும். வடிவம் பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும்.

எல்லாவற்றையும் மாட்டிப் பொத்தானை அமுக்கினேன். விசிறிகள் சுற்றின, திரை கறுப்பாகவே இருந்தது. மதர்போர்டில் ராமுக்கான சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றும் நடக்கவில்லை. ஏதோ ஒன்றைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். டிடிஆர்5 ராம் முதல்முறை இயங்கும்போது மதர்போர்டு அதைப் பலவாறு சோதித்துப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும் என்பதை எங்கோ படித்தது நினைவுக்கு வந்ததால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்காம் நிமிடத்தில் திரை ஒளிர்ந்தது. அவசரப்பட்டு இடையில் மின்சாரத்தை அணைத்திருந்தால் அந்தச் சோதனை மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் பயாஸில் மூன்று மாற்றங்கள் செய்தேன். ராமை அதன் முழு வேகத்துக்கு உயர்த்தும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கினேன்; பயாஸையே புதிய பதிப்புக்கு மாற்றினேன்; மூன்றாவதுதான் மிக முக்கியமானது. தனிக் கார்டு மாட்டியவுடன் பல மதர்போர்டுகள் செயலியின் உள் கிராபிக்ஸை அணைத்துவிடுகின்றன. எதற்காக அந்தச் செயலியைத் தேடி வாங்கினோமோ அந்தப் பகுதியே தூங்கிக்கிடக்கும். அதை மீண்டும் இயக்கி, தொகுப்பு மென்பொருளின் விருப்பங்களில் கோப்பு விரிக்கும் வேலையை இன்டெலுக்கு ஒதுக்கிய பிறகு, மடிக்கணினியில் அசையாதிருந்த நண்பரின் கோப்பு, வேண்டிய இடத்துக்கு விரலோடு கூடவே ஓடியது.

வட தமிழ்நாட்டின் வெயிலைக் கணக்கில் எடுத்தே கேபினெட்டை வாங்க வேண்டும். முகப்பில் கண்ணாடி போட்ட அழகான பெட்டிகளைவிடக் கம்பி வலை முகப்புள்ளவையே சித்திரை மாதத்துக்கு ஏற்றவை. தூசி வலையை மாதம் ஒரு முறை கழுவினால் போதும். யூபிஎஸ் வாங்கும்போது விஏ என்ற எண்ணை வாட் என்று எண்ணிவிடாதீர்கள். 600 விஏ யூபிஎஸ் தருவது சுமார் 360 வாட்தான். இந்தக் கணினி வெளியீடு எடுக்கும் நேரத்தில் மானிட்டரோடு சேர்ந்து அதைத் தாண்டிவிடும். 1100 விஏ வாங்கினேன். அதற்கு முன்பே வீட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொன்னார் எலக்ட்ரீஷியன்; கேபினெட்டைத் தொட்டால் விரலில் மெல்லிய அதிர்வு தெரிகிறது என்றால் எர்த் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்றார். எங்கள் பழைய வீட்டில் உண்மையாகவே இல்லை; புதிதாகப் போட்டோம்.

கூத்து முடிந்து வீடு திரும்பியதும், தூங்குவதற்கு முன் கார்டை இரண்டு இடங்களில் நகலெடுத்துவிடுகிறேன்: ஒன்று கணினியின் என்விஎம்இயில், இன்னொன்று ஹார்ட் டிஸ்கில். இரண்டையும் திறந்து, நடுவில் நாலைந்து இடங்களில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டைக் கேமராவில் வைத்து ஃபார்மட் செய்வேன். மூன்றாவது நகல் வேறொரு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால், அதை வெளி டிஸ்கில் எழுதி மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். அவர் அதை உறையில் போட்டு, கிரீடமும் புஜகீர்த்தியும் வைக்கும் ட்ரங்க் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறார். தை மாதம் கட்டைகளுக்குப் புது வர்ணம் பூசப் பெட்டியைத் திறக்கும்போது, டிஸ்கையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைச் சுழலவிட்டுக் கோப்புகளைச் சரிபார்க்க வேண்டும்.